நமுனுகுலவுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பதுளை நகரில் நின்று தென்கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் நமுனுகுல தெரியும். சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். உயரம் 2,036 மீற்றர். எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் சிலர் இந்த மலையிலும் ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வன்னியிலிருந்து வரும் சில குடும்பங்களுக்கு இது வெறும் சுற்றுலா அல்ல. 1977, 1983 வன்செயல்களை அடுத்து மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறியவர்கள் ஏராளம். அங்கும் யுத்தம் அவர்களை விடவில்லை. 2009 வரை இடம்பெயர்ந்துகொண்டே இருந்தார்கள். இன்று முதியவர்களாகிவிட்ட அவர்கள், பிறந்த லயனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்கும்போது பிள்ளைகளுக்கு வழி தெரிவதில்லை. இந்தக் குறிப்புகள் அவர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

எந்த மாதம்?

ஊவாவின் கிழக்குச் சரிவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பயணத்தைத் தவிர்ப்பது நல்லது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை இங்கு வறண்ட காலம். கிழக்கிலும் வன்னியிலும் உடலைக் காயவைக்கும் அதே கச்சான் காற்று, இந்தப் பக்கத் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது. ஊவாத் தேயிலைக்குச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது இந்தக் காலத்துக் கொழுந்துதான். பெப்ரவரி, மார்ச் மாதங்களும் ஏற்றவை.

எந்த வழி?

மட்டக்களப்பிலிருந்து வருபவர்களுக்கு ஏ5 வீதி நேரானது. செங்கலடியில் தொடங்கி மகாஓயா, பிபிலை, லுணுகலை வழியாகப் பசறைக்கு வரலாம். பசறையிலிருந்து எல்ல நோக்கிச் செல்லும் மலைவீதியில்தான் நமுனுகுல சிறுநகர் இருக்கிறது.

வடக்கிலிருந்து வருபவர்கள் ஏ9 வீதியில் கண்டிக்கு வந்து, மகியங்கனை வழியாகவோ நுவரெலியா வழியாகவோ பதுளையை அடையலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையே 321 கிலோமீற்றர். முதியவர்களோடு ஒரே நாளில் ஓடி முடிக்க நினைக்காதீர்கள். ஓரிரவு கண்டியிலோ மகியங்கனையிலோ தங்குங்கள்.

ரயிலில் வர விரும்பினால் மலையகப் பாதையின் கடைசி நிலையம் பதுளை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் சேதப்படுத்தியது. ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டறிந்த பிறகே புறப்படுங்கள்.

வாகனம்

வன்னியின் நேர்வீதிகளில் ஓட்டிப் பழகிய சாரதிக்கு இந்த வளைவுகள் புதியவை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. இருட்டிய பின்பும் மூடுபனியிலும் ஓட்டாதீர்கள். எரிபொருளைப் பதுளையிலோ பசறையிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார்நிலை, சிவப்பு என்றால் உடன் வெளியேற்றம். பசறை, பதுளை, ஹாலிஎல, எல்ல ஆகிய பெயர்களைப் பாருங்கள். மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு அது பயணத் திகதி மட்டுமே. சரிவின் கீழ் லயனில் இருப்பவர்களுக்கு வேறு இடம் இல்லை. இதே பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயன்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தும் மக்களுக்கு மாற்றிடம் கிடைத்திருக்கவில்லை.

மலை ஏறுவது

ஏறும் பாதைகள் தோட்டங்களுக்குள்ளிருந்தே தொடங்குகின்றன. பதுளைப் பக்கத்தில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஏறுபவர்கள் அதிகம். தோட்ட அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அந்தத் தோட்டத்து ஆள் ஒருவரைக் கூலி பேசி வழிகாட்டியாக அழைத்துக்கொள்ளுங்கள். தேயிலை முடிந்து காடு தொடங்கியதும் பாதை பிரியும். பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. விடியும் நேரத்தில் புறப்பட்டு மதியத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். பதுளையைவிட உச்சியில் எட்டு ஒன்பது பாகை குளிர் கூடுதலாக இருக்கும். அட்டைக்கடிக்கு உப்பும் நீளக் காலுறையும் வேண்டும். அவசர அம்பியூலன்சுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

அவுஸ்திரேலியாவில் வாழும் நம்மவர்கள் பாலைவனம் கடந்து பார்க்கப்போகும் உலுரு பாறையில் ஏறுவது, 2019 ஒக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அந்த மண்ணுக்குரிய அனங்கு மக்கள் நெடுங்காலம் கேட்டுவந்தது அது. நமுனுகுலவில் அப்படி ஒரு தடை இல்லை. ஆனால் அதன் அடிவாரமும் மக்கள் வாழும் இடம்தான். லயன் வாசலையும் கொழுந்து பறிக்கும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

பழைய லயனைத் தேடுபவர்களுக்கு

தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தப் பிரிவு, மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்று முதியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதன் பிரதியையும் எடுத்து வாருங்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, சனங்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றாக இருக்கும். இரண்டும் தெரிந்தால் தேடுவது எளிது.

வேலைநாளில் பகல் முழுவதும் ஆட்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடுகளில் இருப்பார்கள். கோயிலடியில் வயதான ஒருவரிடம் தகப்பனின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். லயன் இடிந்திருக்கலாம், வேறொரு குடும்பம் அங்கே இருக்கலாம். அதை முதியவரிடம் வழியிலேயே சொல்லி வையுங்கள்.

அழைத்து வந்தவரை முதலில் லயனுக்குக் கூட்டிப் போங்கள். மலையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.