கனாவா மாவட்டத்துப் பாடநூற் கிளர்ச்சி

அமெரிக்க நாட்டுப்புறத்தின் அரசியற் பிளவு திருச்சபையிலும் பள்ளியிலும் வேர்விட்ட விதத்தை அறிய, மேற்கு வர்ஜீனியாவின் கனாவா மாவட்டத்தை நாம் நோக்கலாம்.

1974-இல், புதிய மொழிப் பாடநூல்கள் விசுவாசத்தையும் நாட்டுப்பற்றையும் குலைக்கும் எனக் கல்விக்குழு உறுப்பினரும் போதகர் ஒருவரின் மனைவியுமான ஆலிஸ் மூர் எதிர்த்தார். ஜூன் 27 அன்று குழு 3-க்கு 2 என்ற வாக்குகளால் பெரும்பாலான நூல்களை ஏற்றது. செப்டம்பரில் மலைப்பகுதிப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். பள்ளிகளிலும், அக்டோபர் இறுதியில் கல்விக்குழு அலுவலகத்திலும் வெடி வைக்கப்பட்டது. அச்சதிக்காகப் போதகர் ஒருவரே சிறைத்தண்டனை பெற்றார்.

இதனை விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் நடந்த போர் என்போரோடு நாம் உடன்படவில்லை. சார்ல்ஸ்டன் நகரின் எப்பிஸ்கோப்பல் குரு ஜேம்ஸ் லூயிஸ் நூல்களை ஆதரித்தார். மலைச் சிற்றூர்ச் சபைகளின் போதகர்கள் எதிர்த்தனர். இருசாராரும் ஏந்தியது ஒரே திருமறை. தம் பிள்ளைகள் எதைப் படிப்பதெனத் தம்மைக் கேளாமலே கற்றோர் முடிவுசெய்தனர் என்பது மலைமக்களின் மனக்குறை, அதில் நியாயமுண்டு. கறுப்பின எழுத்தாளரின் ஆக்கங்களைச் சிலர் வெறுத்ததையும் நாம் மறைத்தலாகாது. 1973-இல் வாஷிங்டனில் தோன்றிய ஹெரிட்டேஜ் நிறுவனம் கிளர்ச்சியாளருக்குச் சட்டத்துணை நல்கி, அக்குறையைத் தேசிய அரசியலோடு இணைத்தது.

நவம்பரில் பெரும்பாலான நூல்கள் பள்ளிக்குத் திரும்பின. 1996 வரை பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியை ஆதரித்த அம்மாநிலம், 2000 முதல் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வருகிறது.