உறைந்த பாலும் திரிந்த பாலும்

பாலைக் குறித்துத் தமிழில் வழங்கும் இரண்டு வினைச்சொற்களை முதலில் நினைவூட்டுகிறேன். மோர் இட்டு வைத்தால் பால் உறைகிறது. எலுமிச்சைச் சாறு பட்டால் பால் திரிகிறது. உறைவது வீட்டுக்கு நலம், திரிவது நட்டம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், வரவிருக்கும் கேட்டுக்கு அறிகுறியாக இளங்கோவடிகள் காட்டுவது குடத்துப் பால் உறையாமற் போனதைத்தான். திரிந்த பாலை வடிகட்டி ஓர் உணவுப் பண்டம் ஆக்கலாம் என்ற எண்ணம் நம் அடுக்களையில் நெடுங்காலம் இடம் பெறவில்லை.

அப்பண்டத்துக்கு இன்று நாம் வழங்கும் பெயர் பாலாடைக்கட்டி. பெயர் பொருத்தமானதன்று என்பது என் கருத்து. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேற்படியும் ஏடு. சீஸ் எனப்படுவதோ ஏட்டிலிருந்து செய்யப்படுவதில்லை. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் கொழுப்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரள்வதால் உண்டாவது. ஆயினும் ஊர் ஒப்புக்கொண்ட சொல்லை நாமும் ஒப்புக்கொள்வோம்.

போலந்து நாட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த துளையிட்ட மட்கலத் துண்டுகளில் பாற்கொழுப்பின் எச்சம் இருந்ததை 2012ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவை ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. திரண்ட பாலை வடிகட்டிய சல்லடைகள். பால் குடிக்கும் இளங்கன்றின் நான்காம் இரைப்பையில் ரென்னட் என்ற பொருள் சுரக்கிறது. அதில் சிறிது கலந்தால் பால் புளிக்காமலேயே கெட்டியாகிவிடும். நீரை வடித்து, உப்பிட்டு, குளிர்ந்த அறையில் மாதக்கணக்கில் வைத்தால் செடார் போன்ற முதிர்ந்த வகைகள் கிடைக்கும். பிரான்சு நாட்டு ரோக்ஃபோர் ஊரின் குகைகளில் முதிர்வதில் நீலப் பூஞ்சை படர்கிறது. ஏறக்குறையப் பத்து லிட்டர் பசும்பால் ஒரு கிலோ செடாராகச் சுருங்குகிறது. பனிக்காலத்தில் பசும்புல் கிடைக்காத நாடுகளில், கோடைப் பாலைச் சேமிக்கும் களஞ்சியமாக அது விளங்கியது.

இப்போது எங்கள் புளியறைக்கு வருவோம். ஆரியங்காவுக் கணவாயின் கீழ்வாயிலில் அமைந்த இவ்வூர், 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ச் சீமையோடு சேர்ந்திருந்த செங்கோட்டைப் பகுதியைச் சார்ந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்துள் அடங்கியது. குற்றாலச் சாரலின் குளிர்ச்சி இங்கும் உண்டு. ஆனால் அச்சாரல் ஈரத்தைக் கொணர்வதேயன்றி, பாலைப் பலமாதம் காக்கும் குளிரைக் கொணர்வதில்லை. நம் முன்னோர் வேறு வழி கண்டனர். இரவில் உறையிட்டு, காலையில் கடைந்து, வெண்ணெயை உருக்கினர். ஈரம் நீங்கிய நெய்யில் நுண்ணுயிர் வளர்வதில்லை. ஆகவே அது வெயிலிலும் கெடாது. மோரை அன்றன்றே அருந்தித் தீர்த்தனர். ஆகவே, சீஸ் செய்யாததை அறியாமை என்று எழுதுவோருடன் நான் உடன்படேன். கன்றீன்ற பசுவின் சீம்பாலை வெல்லமிட்டு அவித்துக் கட்டியாக உண்டவர்கள், பாற்புரதம் திரள்வதை அறியாதவர்களா?

வடக்கே கதை வேறு. 'பனீர்' என்பது பாரசீகச் சொல். வங்காளத்துச் சேனா போர்த்துகீசியர் கற்பித்த வழக்கம் என்பது உணவு வரலாற்றாசிரியர் கே. டி. அச்சயாவின் கருத்து, அதை ஏற்காதவரும் உளர். எப்படியாயினும், ஊக்ளி ஆற்றங்கரையில் போர்த்துகீசியர் குடியேறிய பண்டேலின் பெயரால், புகையூட்டிய சிறு வட்டக் கட்டிகள் இன்றும் விற்கப்படுகின்றன.

குசராத்து மாநிலத்து ஆனந்தில் 1946இல் பதிவான கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் நம் நாட்டுப் பால்தொழிலின் போக்கையே மாற்றியது. திரிபுவன்தாசு பட்டேலும் வர்கீசு குரியனும் நடத்திய அச்சங்கத்தில் 1955இல் எச். எம். தலாயா எருமைப் பாலிலிருந்து பால்மாவு செய்து காட்டினார். பிறகு எருமைப் பாலில் சீஸும் பிறந்தது. ஒரு தடை மட்டும் எஞ்சியது. கன்றின் இரைப்பைப் பொருளை மரக்கறி உண்போர் எவ்வாறு ஏற்பர்? 1960களில் சப்பானிய அறிஞர் கெய் அரிமா ஒருவகைப் பூஞ்சையிலிருந்து அதற்கு ஈடான நொதியைக் கண்டறிந்தார். இன்று நம் நாட்டில் பச்சைக் குறியுடன் விற்கும் சீஸ் உறைகளுக்குப் பின்னே இத்தகைய கண்டுபிடிப்பே நிற்கிறது.

இனி, சத்து. நூறு கிராம் செடாரில் ஏறக்குறைய 25 கிராம் புரதம், 33 கிராம் கொழுப்பு, 700 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. வளரும் பருவத்தினர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துப் பெற வேண்டும் என்பதை இத்துடன் ஒப்பிடுக. பனீரில் புரதம் 18 அல்லது 19 கிராம். சுண்ணாம்புச் சத்து செடாரை விடக் குறைவு. புளிப்பு, பாலிலுள்ள சுண்ணாம்பின் ஒரு பகுதியைக் கரைத்து, வடிநீரோடு கொண்டுபோய்விடுகிறது. ஆனால் பனீரில் உப்பு மிகக் குறைவு; செடாரிலோ நூறு கிராமுக்கு ஒன்றரைக் கிராமுக்கு மேல் உண்டு. உருக்கி வார்த்த 'பிராசஸ்டு' துண்டுகளில் அது இன்னும் ஏறுவதும் உண்டு. பால் குடித்தால் வயிறு பொருமும் பெரியவர்கள் நம்மிடையே பலர். முதிர்ந்த சீஸில் பாற்சர்க்கரை அநேகமாக இராது. தயிரிலும் ஓரளவு குறைந்துவிடும். மரக்கறி உண்போருக்கு பி12 வைட்டமின் கிடைக்கும் முக்கிய வழியும் பாற்பொருள்களே.

விலை கொடுத்து வாங்க இயலாத மாணவன் வருந்த வேண்டுமா? நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்பு உண்டு. கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடிப்பவனை ஏழை உணவு உண்பவன் என்று எந்த விஞ்ஞானியும் சொல்லமாட்டார்.

வாங்கக் கூடியவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பாற்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த போலிப் பனீர் சந்தையில் உலவுகிறது. எங்கள் ஊரைக் கடந்து மலையேறும் பால் வண்டிகளை ஆரியங்காவில் கேரள அரசினர் நிறுத்திச் சோதிக்கின்றனர். கடைப் பனீருக்கு அவ்விதக் காவல் எல்லா இடத்தும் இல்லை. வீட்டில் ஒரு லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சைச் சாறு விட்டு, துணியில் வடித்தால் போதும். அரைமணி நேர வேலை. வடிந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதில் சிறிது புரதமும், கரைந்த சுண்ணாம்பும், பாற்சர்க்கரையும் உள்ளன. சப்பாத்தி மாவு பிசைய அது நன்றாக உதவும், ரசத்திலும் சேர்க்கலாம்.