நேர் வழி இல்லாத கோட்டை

சிரியாவின் அலெப்போ கோட்டையைத் தாக்க வந்தவன், அகழிமேல் கட்டிய கல்பாலத்தில் மூச்சிரைக்க ஏறி முடித்ததும் எதிரே கண்டது வெறும் சுவர். கதவு வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதை உடைக்க மரத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மோத வேண்டும்; ஓடவே அங்கு இடமில்லை. தலைக்கு மேலே துருத்தி நிற்கும் மாடங்களிலிருந்து கல்மழை பொழியும். தப்பி உள்ளே புகுந்தாலும் பாதை செங்கோணத்தில் திரும்பும், மறுபடி திரும்பும். முதல் கதவின் மேல் பின்னிப் பிணைந்த பாம்புகளும், அதற்கப்பால் கல் சிங்கங்களும் செதுக்கப்பட்டுள்ளன.

இந்த வாசலைக் கட்டியவர் சுல்தான் சலாவுதீனின் மகன் அல்-ஸாஹிர் காஸி. 1186 முதல் 1216 வரை அலெப்போவை ஆண்ட அவர், குன்றின் சரிவைக் கல்லால் போர்த்தினார். உள்ளே அரண்மனையும் 1214-ல் பெரிய பள்ளிவாசலும் எழுப்பினார். ஆனாலும் 1260-ல் ஹுலாகுவின் மங்கோலியப் படையும், 1400-ல் தைமூரும் கோட்டையைச் சிதைத்தார்கள். பின்னர் மம்லூக்குகள் வாசலுக்கு மேலேயே ஓர் அரியணை மண்டபத்தைக் கட்டினார்கள். ஆகவே இங்கே எந்தக் கல் யார் காலத்தது என்று பிரித்தறிவதே ஆய்வாளர்களுக்குப் பெரும் வேலை.

1996-ல் கை கோல்மையர் தலைமையில் ஜெர்மன்-சிரிய அகழாய்வுக் குழு தோண்டத் தொடங்கியது. இஸ்லாமியக் காலக் கட்டடங்களுக்குக் கீழே புயல் தெய்வம் ஹதாதின் கோயில் வெளிப்பட்டது. அதன் தொடக்கம் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு! புடைப்புச் சிற்பங்கள் வரிசையாக நின்றன. தெய்வத்துக்கு எதிரே மன்னன் தைத்தா நிற்கிறான். அருகில் லூவிய எழுத்தில் அவன் கல்வெட்டு.

தொன்மையான கோயிலுக்குத்தான் புகழ் அதிகம் கிடைத்தது. அது நியாயமே. ஆனால் முற்றுகை நாட்களில் கோட்டைக்குள் இருந்தவர்களைக் காத்த நீர்த்தொட்டிகளும் ஆழ்கிணறும் அதற்குக் குறைந்தவை அல்ல. ஒரு நகரம் எப்படி உயிர் பிழைத்தது என்பதற்கு அவையே நேரடிச் சாட்சி.

1986-ல் அலெப்போவின் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்நாட்டுப் போரின்போது, 2015 ஜூலையில் சுரங்கத்தில் வைத்த வெடி கோட்டைச் சுவரின் ஒரு பகுதியைச் சாய்த்தது. 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் உஸ்மானியர் கால ஆலையின் பகுதிகள் இடிந்தன. இடிந்ததைத் திரும்பக் கட்டுவோருக்கு அமைதிக் காலத்தில் வரைந்த ஒவ்வொரு வரைபடமும், எடுத்த ஒவ்வொரு அளவும் தேவைப்படும்.