மாலைப் பேச்சும் நம் தெருவின் வரலாறும்

நாட்டரசன்கோட்டைக்கு மாலைக் கூட்டங்கள் புதியன அல்ல. கவிச்சக்கரவர்த்தி கம்பர் இம்மண்ணில்தான் அடங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் 1939-ஆம் ஆண்டு காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாள், பங்குனி அத்தத்தன்று நம் ஊர்க் கம்பர் சமாதியில் நிறைவெய்துவதை யாவரும் அறிவர். கவிஞன் ஒருவனின் சொல்லைக் கேட்க ஊர் திரண்டு உட்காரும் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால், தன் சொந்தக் கதையைக் கேட்க ஊர் உட்கார்ந்ததுண்டா?

சென்னை மாநகர் அப்படி உட்கார்ந்தது. 1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஐ அந்நகரின் பிறந்த நாளாகக் கொண்டு, 2004 முதல் அங்கே விழா எடுத்து வருகின்றனர். கோட்டை, துறைமுகம், பழைய அச்சகம், பள்ளி, ஆலை என ஒவ்வொன்றைப் பற்றியும் அறிந்தோர் மாலையில் பேச, பொதுமக்கள் வந்து கேட்கின்றனர். கட்டணம் இல்லாத கூட்டங்களே மிகுதி. இம்முயற்சிக்கு முன்னின்றவர்களுள் ஒருவரான எஸ். முத்தையா (1930–2019), நமக்கு அண்மையிலுள்ள பள்ளத்தூரில் பிறந்தவர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். செட்டிநாட்டில் பிறந்த ஒருவர் ஒரு மாநகருக்கு அதன் கதையைக் கேட்கச் செவி தந்தார். செட்டிநாட்டுச் சிற்றூர்களுக்கு அதை யார் தருவது?

சென்னையின் கதையில் நம்மவர்க்கும் இடம் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது அங்கேதான். அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907-இல் வெளிவந்தது இராயப்பேட்டையிலிருந்து. 1945-இல் என். சிவராஜ் அவர்கள் அந்நகரின் மேயராக வீற்றிருந்தார். நகர வரலாறு பேசுவோர் கோட்டையோடும் கப்பலோடும் நின்றுவிட்டால் இவையெல்லாம் விடுபட்டுப் போகும்.

நம் பகுதிக்கு வருவோம். எம் பள்ளி மாணவர்கள் மருது சகோதரர்கள் 1801-இல் தூக்கிலிடப்பட்டதைப் பிழையின்றிச் சொல்வார்கள். தம் பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். குறை அவர்களுடையது அன்று. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுள் நாமும் ஒருவர்.

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தால், பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோர்க்கும் உரியவை என அரசு ஏற்றது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம்மவர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 ஜூனில் அவை பதினொன்றாயின. 1931-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், பின்னர் 1946-இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விரு பட்டியல்களையும் பதிவு செய்துள்ளார். தங்கம், வெள்ளி அணியலாகாது. ஆடவர் சட்டை போடலாகாது, கிராப்பு வெட்டலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. பெண்கள் இரவிக்கை அணியலாகாது, பூச்சூடலாகாது. பிள்ளைகள் படிக்கலாகாது, மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். திருமணத்தில் மேளம் கூடாது. தாலி கட்டுமுன் மணமகன் குதிரையேறி ஊர்வலம் வரும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இப்பட்டியலை முதலில் படித்தபோது நமக்கு நெஞ்சு கனத்தது. இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று புலப்பட்டது. செய்யாத ஒன்றை யாரும் தடுப்பதில்லை. நிலத்தை விற்றுவிடு என்றால் நிலம் இருந்தது. படிக்காதே என்றால் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டனர். குதிரையேறாதே என்றால் நம் வீட்டு மணமகன் குதிரை மீது வந்திருக்கிறான்! நம்மவரின் எழுச்சிக்கு நம்மவர் எழுதி வைத்த சான்று எளிதில் கிட்டாத காலத்தில், தடுத்தவர்களே சான்று எழுதித் தந்துவிட்டனர். கடல் கடந்து உழைத்துத் திரும்பியோர் கொணர்ந்த காசும் துணிவும் இதற்குத் துணை நின்றிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

இவ்வெள்ளி விழா ஆண்டில், திங்கள்தோறும் ஒரு மாலைப் பேச்சு நம் சங்கக் கட்டடத்திலேயே நடைபெற வேண்டுமென நாம் கேட்டுக்கொண்டோம், நிர்வாகிகளும் இசைந்தனர். தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரத்தில் யார் வருவார்கள் என்று சிலர் சிரித்தனர். முதல் கூட்டத்திற்கு வந்தவர்கள் முப்பதுக்குள்தான்; அவர்களிலும் பாதிப் பேர் எம் மாணவர்கள், தலைமையாசிரியர் அழைத்தாரே என்று வந்தவர்கள்.

அன்று நாம் அந்தப் பதினொரு தடைகளையும் உரக்கப் படித்தோம். பெண்கள் மண்பானையில்தான் நீர் சுமக்க வேண்டும். தலையில் வைக்கோற் சும்மாடுதான் வைக்க வேண்டும், துணிச் சும்மாடு கூடாது என்ற இடம் வந்தது. முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், எண்பதைக் கடந்தவர், “நிறுத்துங்க சார்” என்றார். தம் தாயார் சாகும்வரை தண்ணீர்க் குடத்திற்கு வைக்கோலைத்தான் சுருட்டி வைத்தார் என்றும், வீட்டில் பழஞ்சேலை கிடக்கும்போது ஏன் இப்படி என்று தாம் பலமுறை சண்டையிட்டதாகவும், அதற்குத் தாயார் ஒருநாளும் விடை சொன்னதில்லை என்றும் கூறினார். பிறகு, “அதை இன்னொரு தடவை வாசிங்க” என்றார். மீண்டும் வாசித்தோம்.

அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அடுத்த கூட்டத்தில் பேசப்போவது அம்மூதாட்டிதான். கேள்வி கேட்கப்போவது அம்மாணவி.