வெள்ளைச் சீருடையும் சலங்கையும்: 'தொழில் மானம்' குறித்துச் சில குறிப்புகள்

போன ஆடி மாதம் முடிந்த கையோடு, மண்ணூரில் நான் குடியிருக்கும் லைன் வீட்டின் மூன்றாம் அறையைக் காலி செய்துகொண்டு ஒரு பெண் போக வேண்டியதாயிற்று. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. பகலில் வார்டு. ஆடி வெள்ளி, சனி இரவுகளில் ஓர் 'ஆடல் பாடல்' குழுவோடு வேன் ஏறி, அம்மன் கோயில் கூழ் வார்க்கும் திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம். ராத்திரிக்கு 1,500 ரூபாய். யாரோ செல்போனில் எடுத்த இரண்டு நிமிடப் படம் முதலில் வீட்டுக்காரரிடமும் பிறகு கல்லூரியிடமும் போய்ச் சேர்ந்தது. "அண்ணே, நீங்க நாலு வார்த்த பேசுவீங்க, கூட வாங்க" என்று அவளுடைய அம்மா கூப்பிட்டதால் நானும் விசாரணைக்குப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடமும் நர்ஸ்தான். "நாளைக்கு இவ ஊசி போட வந்து நின்னா பேஷன்ட் என்ன சார் நெனப்பான்? எங்க தொழிலுக்குன்னு ஒரு மானம் இருக்கு. அத வாங்க நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது. அந்த மானம் நிஜமாகவே பாடுபட்டு வாங்கப்பட்டதுதான். யாரிடமிருந்து, யாருடைய செலவில் என்பதே என் கேள்வி.

நைட்டிங்கேலிலிருந்து தொடங்கலாம். டிக்கன்ஸ் 1840களில் சேரி கேம்ப் என்ற குடிகார நர்ஸைப் படைத்தபோது ஆங்கில வாசகர்களுக்கு அது மிகையாகத் தெரியவில்லை. நர்ஸ் என்றால் அப்படித்தான் என்ற எண்ணம் ஏற்கெனவே இருந்தது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய நைட்டிங்கேல் பள்ளி இந்தப் பிம்பத்தைத் துடைக்கக் கையாண்ட கருவி ஒரு படிவம். ஒவ்வொரு மாணவிக்கும் அதில் இரண்டு பகுதிகள்: ஒன்றில் கட்டுப் போடுவது முதலான தொழில் திறன்கள், இன்னொன்றில் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் முதலான ஒழுக்கக் குறிப்புகள். திறமைக்கும் நடத்தைக்கும் ஒரே தாளில் மதிப்பெண். ஃபூக்கோ சொல்கிற கண்காணிப்பு ஜன்னல் வழியாக மட்டும் நடப்பதல்ல, படிவம் வழியாகவும் நடப்பது. தச்சனின் திறமையை அளக்க அவன் ராத்திரி எங்கே போகிறான் என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

இந்தப் படிவம் கப்பலேறி இங்கே வந்தபோது சாதி அதற்காகக் காத்திருந்தது. பிள்ளைப்பேறு பார்ப்பது தீண்டத்தகாத சாதிப் பெண்களின், நாவிதர் வீட்டு மருத்துவச்சியின் வேலை. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது, மலம் அள்ளுவது, ராத்திரி கண்விழிப்பது இதற்கெல்லாம் 'நல்ல குடும்பத்து'ப் பெண் வரமாட்டாள். ஆகவே நெடுங்காலம் இந்திய நர்ஸ் என்றால் கிறித்தவப் பெண் அல்லது ஆங்கிலோ இந்தியப் பெண் என்றே ஆயிற்று. 1909இல் வேலூரில் மிஷன் நர்சிங் பள்ளி தொடங்கியது. 37 வருஷம் கழித்து, 1946இல், அங்கே பட்டப்படிப்பு வந்தது. அதே 1946இல் வெளியான போர் கமிட்டி அறிக்கையின் கணக்கு, 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்.

இனி சலங்கைக்கு வருவோம். 1868இன் தொற்றுநோய்ச் சட்டம் விலைமாதரைப் பதிவு செய்து, கட்டாய உடல் பரிசோதனைக்கு உட்படுத்தியது. கோயில் தாசிகளை அந்தப் பதிவேட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று சென்னை மாகாண அதிகாரிகள் குழம்பினார்கள். 1888இல் சட்டம் போயிற்று. குழப்பம் ஏற்படுத்திய ஒட்டுறவு போகவில்லை. 1893இல் சென்னைச் சீர்திருத்தக்காரர்கள், சதிராட்ட விருந்துகளுக்குப் போகாதீர்கள் என்று வைஸ்ராயிடமும் கவர்னரிடமும் மனு கொடுத்தார்கள். தாங்கள் பார்த்த ஆட்டங்களில் ஆபாசம் எதுவும் இல்லை என்று துரைமார்கள் கைவிரித்துவிட்டார்கள்! (நம்முடைய ஒழுக்கத்தைப் பற்றி நம்மவர்களுக்கு இருந்த பதற்றம் வெள்ளைக்காரனுக்குக்கூட இருக்கவில்லை.)

இரண்டு கதைகளும் ஓர் உடலில் சந்திக்கின்றன: முத்துலட்சுமி ரெட்டி. தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். 1904இல் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேரப் போனபோது, இந்தப் பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் குறுக்கிட்டு இடம் வாங்கித் தந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் பெற்று, 1926இல் சட்டசபைக்குள் நுழைகிறார். அதே 1926இல்தான் மதராஸ் நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டமும் வருகிறது. முந்திய பதிவேட்டில் பெயர் ஏறினால் அவமானம், புதிய பதிவேட்டில் ஏறினால் மரியாதை. நர்ஸின் மானம் இந்த இரண்டு பதிவேடுகளுக்கும் நடுவில் இழுக்கப்பட்ட கோடு என்றே நான் வாசிக்கிறேன்.

1930ஐ ஒட்டி, விடுதிகள் ஏற்க மறுத்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்களுக்கு முத்துலட்சுமி தன் வீட்டைத் திறந்துவிட்டார். அதுவே அவ்வை இல்லம். அங்கிருந்து படித்து ஆசிரியைகளாகவும் நர்சுகளாகவும் ஆனவர்கள் உண்டு. இதை நான் சிறுமைப்படுத்தவில்லை. பொட்டுக்கட்டு ஒழிய வேண்டும் என்று மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தன் சொந்த வாழ்க்கையிலிருந்தே பேசினார். அந்தக் குரலைக் 'கலை' என்ற பெயரால் மூடி மறைப்பவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் தாசி, நர்ஸ் ஆகலாம். ஆட்டத்தை விட்டுவிட்டு ஆகலாம் என்பதே அங்கே எழுதப்படாத நிபந்தனை. எங்களை விபசாரிகளோடு சேர்க்காதீர்கள் என்று மனு எழுதிய பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோரை யாரும் செவிமடுக்கவில்லை. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறியதும் ஆட்டம் 'பரதநாட்டியம்' என்று மரியாதை பெற்றது. ஆடுகிற உடலின் சாதியை மாற்றி ஆட்டத்தைச் சுத்திகரித்தார்கள். தேவதாசிகளாக அர்ப்பணிப்பதைத் தடுத்த 1947ஆம் வருஷத்துச் சட்டம், கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் தடை செய்தது. இன்று அதே கோயில் வாசலில் பந்தல் போட்டு, போலீஸ் அனுமதி வாங்கி, 'ஆடல் பாடல்' நடத்துகிறார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் விழாக் கமிட்டி ஹைகோர்ட்டுக்குப் போகிறது. கமிட்டிக்காரர் மானம் எதுவும் போவதில்லை.

மேடையின் தரம் பார்த்து ஒழுக்கம் பேசுவதற்குப் பம்பாய் நல்ல உதாரணம். 2005இல் மகாராஷ்டிர அரசு பார்களில் ஆட்டத்தைத் தடை செய்தபோது மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு அளித்தது. பணக்காரன் பார்த்தால் கலை, ஏழை பார்த்தால் ஆபாசம் என்கிற இந்தப் பாகுபாடு செல்லாது என்று 2013இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. அதற்குள் எட்டு வருஷம் ஓடிப்போயிற்று.

நைட்டிங்கேலின் தேசத்தைப் பாருங்கள். 2017இல் இங்கிலாந்து நர்சிங் மாணவர்களின் உதவித்தொகையை நிறுத்திக் கடன் வாங்கச் சொன்னது. 2020இல்தான் ஒரு பகுதி உதவி திரும்பி வந்தது. கட்டணத்துக்காக ஆட்ட விடுதிகளில் வேலை செய்யும் மாணவிகள் அங்கே ஒன்றும் புதிதல்லர். அங்குள்ள நர்சிங் கவுன்சிலின் 2015ஆம் வருஷ நெறிமுறை, தொழிலின் நற்பெயரை எல்லா நேரத்திலும் காக்கச் சொல்கிறது. எல்லா நேரத்திலும்! சம்பளம் ஷிப்டுக்கு மட்டும், நற்பெயர் இருபத்துநாலு மணி நேரமும்.

நம் பக்கம், தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் கூலி பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லி அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான். அதைத் தராத ஆஸ்பத்திரியால் தொழிலின் மானம் போனதாக எந்த விசாரணை அறையிலும் நான் கேட்டதில்லை.

மண்ணூர் இதைப் புரிந்துகொள்ள ஏற்ற ஊர். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கம்பெனி வேன்கள் ஆயிரக்கணக்கான பெண்களை ராத்திரி இரண்டு மணிக்கும் இறக்கிவிட்டுப் போகின்றன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் நோய்ப்பட்டதும் அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். "பொம்பளப் புள்ளைங்க ரோட்டுலயா" என்று டீக்கடையில் முதலில் கேட்கப்பட்டது அதுதான், சோற்றைப் பற்றியல்ல.

விசாரணைக்கு வருகிறேன். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மேடம், என் மார்க்ல ஏதாவது கொறையிருக்கா?" இல்லை என்றார்கள். "வார்டுல யாராச்சும் கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?" அதுவும் இல்லை. மன்னிப்புக் கடிதத்தின் வாசகம் ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. பெயருக்கு மட்டும் புள்ளிகள் விட்டிருந்தார்கள். அவளும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். மேடம் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, "நானும் ஃபீஸ் கட்ட முடியாம இருந்தவதாம்மா" என்றார். அவரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

அடுத்த தவணை ஆவணி பதினைந்துக்குள் கட்டியாக வேண்டும். அம்மா தோட்டை அடகு வைத்தார். அவள் இப்போது தண்டலம் பக்கம் வேறு அறையில் இருக்கிறாள். நைட் டூட்டி.