தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே: நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் கொலை வழக்குகள்

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த அதே கடல் வழியில்தான் இந்தியத் தண்டனைச் சட்டமும் வந்தது. 1860இல் இந்தியாவில் இயற்றப்பட்ட அச்சட்டம் 1872இல் நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. பிரிவு எண்கள்கூட மாறவில்லை. கொலையின் இலக்கணம் இங்கும் 300ஆம் பிரிவில்தான் இருக்கிறது, அதற்குரிய தண்டனை 302இல். ஒரே ஒரு வேறுபாடு மட்டும் பல உயிர்களைத் தீர்மானித்தது. இந்தியாவின் 302 தூக்கு அல்லது ஆயுள் சிறை என்று நீதிபதிக்கு இரண்டு வழிகளைத் தந்தது. மலேசியாவின் 302இலோ, 2023 ஜூலை 4 வரை, தூக்கைத் தவிர வேறு தண்டனையே இல்லை. இந்த ஒற்றை வழி, தோட்டத்து மனிதனின் வாழ்க்கைக்கு நீதிமன்றத்தில் பேச இடமில்லாமல் செய்துவிட்டது என்பதே என் வாதம். அந்த இடம் இப்போது சட்டத்தில் திறந்திருக்கிறது. ஆனால் அங்கே வைத்துப் பேசுவதற்கான சான்றுகளைத் திரட்டும் ஏற்பாடு இன்னும் செய்யப்படவில்லை.

லிங்கி, ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு நான் சொல்லும் வகை வழக்கு விளங்கும். சம்பள நாள் மாலை. கள்ளுக்கடையில் தொடங்கிய வாய்ச்சண்டை. லயத்து முற்றத்தில் கைக்கு எட்டிய பாராங். இது கொலையா, கொலையாகாத மரணம் விளைவித்தலா என்பதை 300ஆம் பிரிவின் விதிவிலக்குகளே முடிவு செய்யும். கடுமையான திடீர்ச் சினமூட்டல் ஒன்று, முன்திட்டமில்லாத திடீர்ச் சண்டை இன்னொன்று. குடிபோதையில் இருந்தவனுக்குக் கொல்லும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கும்போது போதையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என மலேசியச் சட்டத்தின் 86ஆம் பிரிவு கூறுகிறது. இந்திய மூலத்தில் இந்த வாசகம் இல்லை. விதிவிலக்கு பொருந்தினால் 304, அதாவது சிறை. பொருந்தாவிட்டால் கயிறு. ஆகவே வழக்கறிஞர் தம் முழு வலுவையும் அந்தச் சில நிமிடங்களின் மீதே செலுத்த வேண்டியிருந்தது. எத்தனை வெட்டு, எந்த இடத்தில், சண்டைக்கும் வெட்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பவையே கேள்விகள். அதற்கு முந்தைய முப்பது ஆண்டு வாழ்க்கையைச் சட்டம் கேட்கவே இல்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கு 1924இல் நடந்தது. நேதன் லியோபோல்டு, ரிச்சர்டு லோப் என்னும் இரு செல்வந்த வீட்டு இளைஞர்கள் சிகாகோவில் பதினான்கு வயதுச் சிறுவனைத் திட்டமிட்டுக் கொன்றனர். விதிவிலக்கு எதுவும் பொருந்தாத கொடுமை அது. அவர்களின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தார். அதனால் வழக்கு ஜூரியிடம் போகாமல், தண்டனையை மட்டும் தீர்மானிக்க நீதிபதி ஜான் கேவர்லியிடம் சென்றது. வயது, வளர்ப்பு, மனநிலை ஆகியவை வாரக்கணக்கில் பேசப்பட்டன. முடிவில் ஆயுள் சிறையும், கூடவே 99 ஆண்டுச் சிறையும் கிடைத்தன, தூக்கு இல்லை. அதே ஒப்புதலை அன்றைய மலாயாவில் ஒருவன் தந்திருந்தால் நீதிபதிக்குச் சொல்ல ஒரே வாக்கியம்தான் இருந்திருக்கும்.

டாரோவின் திறமையில் கிடைத்த அந்த வாய்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிறகு விதியாக்கியது. 1976இல் கிரெக் வழக்கில், குற்றத்தை ஒரு கட்டத்திலும் தண்டனையை மறுகட்டத்திலும் விசாரிக்கும் முறையை ஏற்றது. அதே ஆண்டு வுட்சன் வழக்கில் கட்டாய மரண தண்டனையைச் செல்லாதென்றது. 1978இல் லாக்கெட் வழக்கில், குற்றவாளியின் குணம், வரலாறு என எதையும் தணிப்புக் காரணமாக முன்வைக்கலாம் என்றது.

ஒற்றை வழியின் ஆபத்தை நம் சமூகமே நேரில் கண்டிருக்கிறது. 1979இல் ஜீன் சின்னப்பா கொல்லப்பட்ட வழக்கில், 1980இல் கோலாலம்பூரில் ஏழு பேர் கொண்ட ஜூரி ஐந்துக்கு இரண்டு என்று பிளவுபட்டு, குற்றம் சாட்டப்பட்ட கார்த்திகேசுவைக் குற்றவாளி என்றது. தூக்கு விதிக்கப்பட்டது. முக்கியச் சாட்சி தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதால் 1981இல் கூட்டரசு நீதிமன்றம் அவரை விடுவித்தது. இரண்டு பேரின் ஐயம் பதிவாகியிருந்தும், அதைத் தண்டனையில் கணக்கிட நீதிபதிக்கு வழியில்லை. அந்த ஜூரி முறையும் 1995இல் ஒழிக்கப்பட்டது.

ஆனால் நீதிபதிக்கு விருப்புரிமை தருவதாலேயே நீதி வந்துவிடாது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மெக்கிளெஸ்கி வழக்கில், ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளையரைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு பன்மடங்கு அதிகம் என்ற புள்ளிவிவர ஆய்வு முன்வைக்கப்பட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அதை ஒதுக்கியது. நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். இந்தியாவின் நானாவதி வழக்கு, சினமூட்டலை அளக்கும்போது குற்றவாளியின் சமூக வகுப்பைச் சேர்ந்த நியாயமான மனிதனை அளவுகோலாக்கியது. அந்த அளவுகோலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், ‘இவர்கள் குடித்தால் வெட்டிக்கொள்பவர்கள்’ என்ற பழைய துரைமார் பார்வை சட்ட மொழி போர்த்திக்கொண்டு உள்ளே நுழையலாம். ஒரு வகுப்பைப் பற்றிய பொதுப் பேச்சு வேறு, ஒரு மனிதனின் வரலாறு வேறு. நீதிமன்றத்துக்குத் தேவைப்படுவது பின்னது.

கட்டாய மரண தண்டனையை நீக்கிய மலேசியச் சட்டம் 846 நடைமுறைக்கு வந்தபின் 302இன்கீழ் தூக்கு, அல்லது முப்பது முதல் நாற்பது ஆண்டு வரை சிறையும் குறைந்தது பன்னிரண்டு பிரம்படியும் விதிக்கலாம். பழைய கைதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தண்டனைகளை மறுபரிசீலிக்கக் கூட்டரசு நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரமும் தரப்பட்டது. தூக்கா, சிறையா என்பதை நீதிபதி எதைப் பார்த்துத் தேர்வது? லியோபோல்டு, லோப் குடும்பங்கள் புகழ்பெற்ற மனநல மருத்துவர்களை விலைக்கு அமர்த்தின. பால்வெட்டியின் மகனுக்கு அது முடியாது. இங்கே அமெரிக்காவைவிட இந்தியாவே நல்ல வழிகாட்டி. 2022இல் மனோஜ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மரண தண்டனை கோரும் வழக்குகளில் குற்றவாளியின் மனநிலை, குடும்பம், கல்வி, வறுமை பற்றிய விவரங்களைத் திரட்டி வைக்கும் பொறுப்பை அரசின்மீது சுமத்தியது.

செரம்பான் உயர் நீதிமன்றத்திலும் தண்டனைக்கு முன் இத்தகைய அறிக்கையைக் கட்டாயமாக்க வேண்டும். அதை எழுதுபவர் தமிழறிந்த சமூகநல அலுவலராக இருக்க வேண்டும். காலமும் குறைவு. நீலாய், லாபு வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. செக்ரோல் புத்தகம், தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவு, தமிழ்ப்பள்ளி வருகைப் பட்டியல் ஆகியவைதான் ஒருவன் எந்த வயதில் பள்ளியை விட்டான், எப்போது காட்டு வேலைக்குப் போனான், என்ன நோய்க்கு மருந்து வாங்கினான் என்று சொல்லக்கூடியவை. நிலம் கைமாறும்போது இவற்றை மாநில ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். அவனைச் சிறுவயதிலிருந்து பார்த்த கிராணியும் கோயில் தலைவரும் இன்று செனவாங் தாமான்களில் முதுமையில் இருக்கிறார்கள். அறிக்கை எழுதுபவர் முதலில் போக வேண்டியது அவர்களிடம்.