கூச்சலோடு வரவேற்கப்பட்ட வீரர்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் ஆட்டம். பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய் வந்தவர்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். விதிமுறைகள் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. நான் சொல்ல வருவது, தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியின் ரசிகர்கள் அடுத்த வருடத்தை எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி.

கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் வருடத்துக்கு ஒருமுறை பங்கு போட்டுக்கொள்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். நம் ஐ.பி.எல். ஏலத்தைப் போலப் பணம் அதிகம் கொடுப்பவருக்கு ஆள் கிடைப்பதில்லை. போன வருடம் கடைசியாக வந்த அணிதான் முதலில் தேர்ந்தெடுக்கலாம். சாம்பியன் கடைசியில்.

இந்த யோசனையைச் சொன்னவர் பெர்ட் பெல். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவர். அவருடைய அணி எப்போதும் தோற்கும். நல்ல வீரர்களையெல்லாம் நியூயார்க், சிகாகோ போன்ற பெரிய அணிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். எல்லா அணிகளும் ஓரளவு சமமாக இருந்தால்தான் இந்தத் தொழில் நிலைக்கும் என்று 1935இல் அவர் வாதாடினார். பெரிய அணிக்காரர்களும் ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம்.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8ஆம் தேதி பிலடெல்பியாவிலேயே ஒரு ஹோட்டலில் நடந்தது. மொத்தம் 9 அணிகள். பலகையில் 90 பெயர்கள். முதல் வாய்ப்பு ஈகிள்ஸுக்கு. பெல் தேர்ந்தெடுத்தது சிகாகோ பல்கலைக்கழக வீரர் ஜே பெர்வாங்கரை. கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதை வாங்கியிருந்தவர். ஆனால் அவர் கேட்ட சம்பளம் பெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. உரிமையைச் சிகாகோ அணிக்கு மாற்றிவிட்டார், அங்கேயும் படியவில்லை. பெர்வாங்கர் ரப்பர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. அந்த வருடம் ஈகிள்ஸ் 12 ஆட்டங்களில் ஒன்றில்தான் ஜெயித்தது. தானே கொண்டுவந்த ஏற்பாட்டில் முதலில் ஏமாந்தவரும் பெல்தான். அதற்காக அவர் அதைக் கைவிடவில்லை. பின்னாளில் முழு லீகுக்கும் தலைவரானார். 1959 அக்டோபரில், பிலடெல்பியா மைதானத்தில் ஈகிள்ஸ் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பால் இறந்தார்.

இனி, அதே அணியின் கதை 63 வருடங்கள் கழித்து.

1998இல் ஈகிள்ஸ் 16 ஆட்டங்களில் 13ஐத் தோற்றது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: வரப்போகும் டிராஃப்டில் யாரை எடுப்பது? முதல் இடம் புதிதாக லீகுக்குத் திரும்பிய கிளீவ்லாந்துக்கு. இரண்டாவது இடம் ஈகிள்ஸுக்கு. ரசிகர்கள் ஒருமனதாகச் சொன்ன பெயர் ரிக்கி வில்லியம்ஸ். டெக்சாஸ் பல்கலைக்கழக வீரர். பந்தை இடுக்கிக்கொண்டு எதிரிகளை இடித்துத் தள்ளி ஓடுவதில் கல்லூரிச் சாதனையை முறியடித்தவர். ஊர் மேயரே அவருக்காகப் பரிந்து பேசினார். உள்ளூர் வானொலி நிகழ்ச்சி ஒன்று சுமார் 30 ரசிகர்களைப் பஸ்ஸில் ஏற்றி நியூயார்க்குக்கு அழைத்துப் போனது.

புதிதாகப் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஆண்டி ரீட் வேறு கணக்குப் போட்டார். முந்தைய வருடமே 1,000 கெஜத்துக்கு மேல் ஓடிய ஆள் ஒருவர் அணியில் இருந்தார். இல்லாதது, பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுக்கும் குவாட்டர்பேக். 1999 ஏப்ரல் 17ஆம் தேதி மேடையில் அறிவிக்கப்பட்ட பெயர் டானவன் மெக்நாப். பஸ்ஸில் வந்தவர்கள் 'பூ' என்று கூச்சலிட்டார்கள். வாழ்க்கையின் மிக நல்ல நாள் என்று குடும்பத்தோடு வந்திருந்த அந்த 22 வயதுப் பையன், ஊரே தன்னை வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டபடி மேடை ஏறினான். நாடு முழுக்க டிவியில் பார்த்தது.

ரசிகர்கள் முட்டாள்கள் அல்ல. ரிக்கி வில்லியம்ஸுக்காக நியூ ஆர்லியன்ஸ் அணி அந்த வருடத் தேர்வு வாய்ப்புகள் எல்லாவற்றையும், அடுத்த வருடத்தில் இரண்டையும் கொடுத்தது. 2002இல் மயாமி அணிக்காக ஆடி, லீகிலேயே அதிக தூரம் ஓடியவரும் அவர்தான். அந்த டிராஃப்டில் முதல் 3 இடங்களிலும் குவாட்டர்பேக்குகளே போனார்கள். மற்ற இருவரும் சில வருடங்களிலேயே ஓய்ந்துபோனார்கள். மெக்நாப் மட்டும் ஓய மாட்டார் என்று அன்றைக்கு யாராலும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் நடந்தது அதுதான். மெக்நாப் பிலடெல்பியாவில் 11 வருடங்கள் ஆடினார். 5 முறை அரையிறுதிக்கு ஈடான கட்டம் வரை அணியைக் கொண்டுபோனார். 2002 நவம்பரில் ஓர் ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே கணுக்காலில் அடிபட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு ஆடி முடித்தார். 4 டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார். எலும்பு முறிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2005 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வரை போய் 3 புள்ளிகளில் தோற்றார். ஜெயித்த அணியின் குவாட்டர்பேக் டாம் பிராடி. அவர் 2000 டிராஃப்டில் 199ஆவதாக எடுக்கப்பட்டவர். அத்தனை அணிகளும் பலமுறை தாண்டிப் போன பெயர்.

கோப்பை வாங்கித் தரவில்லை என்பதால் மெக்நாபுக்கு அந்த ஊரில் வசவு நின்றபாடில்லை. முதல் நாள் கேட்ட கூச்சல் கடைசி வரை கூடவே வந்தது. கடைசியில் 2018இல் ஈகிள்ஸ் முதல் சூப்பர் பவுலை ஜெயித்தபோது, 2016இல் பெரிய விலை கொடுத்து இரண்டாவதாக எடுத்த குவாட்டர்பேக் காயத்தோடு வெளியே நின்றார். ஜெயித்துக் கொடுத்தவர் 2012இல் மூன்றாவது சுற்றில் வந்த நிக் ஃபோல்ஸ்.

தோற்ற அணிக்கு முதல் மரியாதை என்று பெல் வகுத்த ஏற்பாடு, கிட்டத்தட்ட 90 வருடங்களாக நடக்கிறது. அது வாய்ப்பைத்தான் தர முடியும்; யார் தேறுவார் என்று சொல்லாது. வருடம் முழுக்கத் தோல்வியைச் சகித்த ரசிகன் யாரை எடுப்பது என்று வாதாடுவதில் தவறே இல்லை. அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷம் அது. ஆனால் அவன் நினைத்த பெயர் வராமல்போனது, மேடையில் நிற்கும் பையனின் குற்றம் அல்ல.

2013 செப்டம்பரில் ஈகிள்ஸ் மெக்நாபின் 5ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்து, அவரை மைதானத்துக்கு அழைத்து மரியாதை செய்தது. 14 வருடங்கள் ஆகியிருந்தன.